“தலைக்கு ஊற்றிவிடலாம் என்கிறார்கள், மருமகள் நான் தடுக்கலாமா?”

விருதுநகர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதியவருக்கு 38 வயது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டுவிட்டார். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மாமியாருக்கு 74 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. கடந்த எட்டு மாதங்களாகப் படுத்த படுக்கை. இடுப்பில் புண். பேச்சு குழறுகிறது, சில நேரம் ஆள் அடையாளம் தெரிவதில்லை. “ஆனா என் சின்ன மகன் பக்கத்துல போய் நின்னா மட்டும் சிரிக்கிறாங்க டாக்டர்” என்று எழுதியிருக்கிறார்.

பெரிய ஆஸ்பத்திரியில் “இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். இரவெல்லாம் முனகல். அதைக் கேட்ட நாத்தனாரும் பெரிய மாமனாரும், வருகிற அமாவாசைக்குள் தலைக்கு ஊற்றி, அதாவது உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரை ஊற்றிச் சாகவிட்டு, அனுப்பிவிடுவது என்று பேசி முடித்துவிட்டார்கள். குலதெய்வம் கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்ததில் உத்தரவும் கிடைத்துவிட்டதாம். ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரிய மாமனார், “அந்தக் காலத்திலேயே வடக்கிருந்து உயிர்விட்ட பரம்பரைதானே நாம்” என்கிறார். வடக்கு நோக்கி உட்கார்ந்து, உண்ணாமல் உயிர்விடுவதைச் சொல்கிறார். கணவர் போனில், “பெரியவங்க சொல்றபடி செய்” என்றதோடு சரி.

கடிதம் எழுதியவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். அவர் கேட்பவை நான்கு. அவர்கள் மதத்தில் இது சரியென்றால், வேற்று மதத்திலிருந்து வந்த மருமகள் தடுக்க முடியுமா? ஐசியூவும் வேண்டாம், மூக்குக் குழாயும் வேண்டாம் என்று வீட்டில் வைத்திருப்பதும் சாகடிப்பதும் ஒன்றுதானே? அத்தைக்குத் தெரியாமல் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாமா? கடைசியாக, “சில ராத்திரி நானே ‘ஆண்டவரே, இன்னைக்குக் கூட்டிட்டுப் போயிரும்’னு ஜெபிக்கிறேன். நானும் கொலைகாரிதானா?”

சகோதரி, இந்தப் பதில் அச்சில் வருவதற்கு முன்பே உங்களுக்குத் தனியாகவும் அனுப்பிவிட்டேன். அமாவாசை காத்திருக்காது.

முதலில், பயப்படாமல் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக் காலை உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரைப் பாருங்கள். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், படுக்கைப் புண் இருக்கிறது, வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்று பதிவு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் மட்டுமல்ல, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. இதை முதலில் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. வெளியாள் ஒருவர் வந்து, நாடி பார்த்து, நோட்டில் எழுதிவிட்டுப் போகும் வீட்டில் தலைக்கு ஊற்றுவது எளிதில் நடக்காது. யாரோடும் சண்டை போடாமலே உங்கள் அத்தைக்கு ஒரு காவல் கிடைத்துவிடும்.

அதோடு, உங்கள் கணவரை உடனே வரச் சொல்லுங்கள். போனில் “பெரியவங்க சொல்றபடி செய்” என்பது சுலபம். தாயின் முகத்தைப் பார்த்தபடி அதைச் சொல்வது சுலபமில்லை. அவர் வந்து சேரும்வரை அத்தையைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். மாமியாரைத் தூக்கி உட்காரவைக்க வந்து கை கொடுப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் பக்கத்து வீட்டு இஸ்லாமிய அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

எந்த மதத்தில் இது சரி?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது ஒரு வரி: “எங்க மதத்துல பாவம், அவங்க மதத்துல புண்ணியம் போல.” இல்லை, சகோதரி. தலைக்கு ஊற்றுவது தென்மாவட்டங்கள் சிலவற்றில், வறுமையாலும் பார்த்துக்கொள்ள ஆளில்லாததாலும் ஒட்டிக்கொண்ட வழக்கம். அதற்குச் சமயத்தின் அனுமதி இருக்கிறது என்பது பிற்பாடு தேடிக்கொண்ட சமாதானம். “தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை” என்ற குறளை உங்கள் பெரிய மாமனார் எத்தனையோ வருடம் வகுப்பில் நடத்தியிருப்பார். தன் உயிரே போவதானாலும் இன்னொரு உயிரை எடுக்கும் காரியத்தைச் செய்யாதே என்கிறது அது. அதில் வயதானவர், படுக்கையில் கிடப்பவர் என்று விலக்கு எதுவும் கிடையாது. சைவத்தை எடுத்துக்கொண்டால், கோயிலில் இருக்கும் கடவுளுக்குக் கொடுப்பது மனிதருக்குப் போய்ச் சேராது, மனிதருக்குக் கொடுப்பது கடவுளுக்குச் சேரும் என்று திருமூலர் பாடியிருக்கிறார். வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலார், உயிர்களிடம் காட்டும் இரக்கமே கடவுள் வழிபாடு என்றார்.

பூக்கட்டிப் போட்டுப் பார்த்ததை நான் இளப்பமாகப் பேச மாட்டேன். பெண் எடுக்கலாமா, வீடு கட்டலாமா என்று மனம் தவிக்கும்போது சாமியிடம் கேட்பது நம் ஊர் வழக்கம். ஆனால் தென்மாவட்டத்துக் கிராம தெய்வங்களின் கதைகளை யோசித்துப் பாருங்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர் அங்கே தெய்வமாக நிற்கிறார்கள்! கேட்பாரில்லாமல் செத்துப்போன பெண்ணுக்குத்தான் சேலை சாத்திக் கும்பிடுகிறோம். பலியானவர்களின் பக்கம் நிற்கும் அந்தச் சாமியிடம் போய், வாய் பேச முடியாத ஒரு தாயைக் கொல்ல உத்தரவு கேட்கலாமா? இதை நீங்கள் கேட்டால் வேற்று மதத்திலிருந்து வந்தவள் பேச்சு என்பார்கள். உங்கள் கணவர் கேட்கட்டும். கோயில் பூசாரியையே கேட்கட்டும்.

வடக்கிருத்தலைப் பற்றிப் பெரிய மாமனார் சொன்னதற்கும் பதில் உண்டு. சங்ககால மன்னன் கோப்பெருஞ்சோழன் தானே முடிவெடுத்து உட்கார்ந்தான். அவன் நண்பரான புலவர் பிசிராந்தையார் தானே தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சாகும்வரை உண்ணாதிருக்கும் சமணர்களின் சல்லேகனையும் விரதம் எடுப்பவரே எடுக்க வேண்டியது. அதைக்கூட 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தற்கொலைக்குச் சமம் என்று தடை செய்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே மாதம் நிறுத்தி வைத்தது. அந்த விவாதம் முழுவதும், ஒருவர் தன் உயிரைப் பற்றித் தானே எடுக்கும் முடிவைச் சுற்றித்தான். உங்கள் அத்தை எந்த விரதமும் எடுக்கவில்லை. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, ஆனால் பேரனைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிகிறது.

பக்கத்து வீட்டு அக்காவின் குர்ஆனும் இதில் தெளிவாக இருக்கிறது. பெற்றோர் முதுமை அடைந்து உன்னிடம் இருந்தால் அவர்களைப் பார்த்து ‘சீ’ என்றுகூடச் சொல்லாதே என்கிறது 17ஆம் அத்தியாயம். சிறு வயதில் அவர்கள் என்னை வளர்த்ததுபோல அவர்கள் மேல் இரக்கம் காட்டுவாயாக என்று இறைவனிடம் கேட்கச் சொல்கிறது அடுத்த வசனம். உங்கள் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் சீராக் நூலின் 3ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். முதிய தந்தையின் அறிவாற்றல் குறைந்தாலும் பொறுமையாக இரு, நீ வலுவோடு இருப்பதால் அவரை இகழாதே என்று வருகிறது. நினைவு தப்பிய முதியவரைப் பற்றி அவ்வளவு காலத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த முனகல்

“உயிர் பிரிய முடியாமல் தவிக்கிறது” என்று உறவினர்கள் சொல்லும் முனகலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். முடிவு எடுக்கப்பட்டதே அதை வைத்துத்தான். பேச முடியாத ஒருவர் இரவு முழுக்க முனகினால் நாங்கள் முதலில் தேடுவது வலியின் காரணத்தை. படுக்கைப் புண் வலிக்கும். நாள்கணக்கில் மலம் இறுகி அடைத்திருந்தால் வயிறு வலிக்கும். சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தேங்கினாலும், அதில் கிருமி தொற்றினாலும், ஆள் குழம்பிப்போய் முனகுவார். வாதம் அடித்த தோள் பிடித்துக்கொண்டு, திருப்பிப் படுக்கவைக்கும்போதெல்லாம் சுருக்கென்று குத்தும். வாயில் வெண்புண் வந்திருந்தால் விழுங்கும்போது எரியும். இவை அத்தனைக்கும் வைத்தியம் இருக்கிறது. பெரும்பாலானவற்றை வீட்டிலேயே செய்யலாம்.

எனவே “செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று சொன்னது தவறு. பக்கவாதத்தைக் குணப்படுத்த வழியில்லாமல் போயிருக்கலாம். வலியைக் குறைக்க, புண்ணை ஆற்ற, மலச்சிக்கலைத் தீர்க்க வழி இருக்கிறது. வலி மாத்திரையை முனகும்போது மட்டும் கொடுக்காமல் நேரம் தவறாமல் கொடுத்தால் பலருக்கு ஒரு வாரத்தில் தூக்கம் வந்துவிடும். அதற்கும் அடங்காத வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதைத் தருவது எளிதாகியிருக்கிறது. மருத்துவர் பார்த்து அளவு சொல்ல வேண்டும். நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். காற்று மெத்தை கிடைத்தால் நல்லது, ஆனால் மெத்தை இருக்கிறது என்று பக்கம் மாற்றுவதை நிறுத்திவிடக் கூடாது.

“அது அவள் வினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும்” என்று நாத்தனார் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வினையை நம்புபவர் தலைவலிக்கு மாத்திரை போடாமல் இருப்பதில்லை. அடுத்தவர் வலியைத் தணிப்பது வினையில் குறுக்கிடுவதென்றால் தர்மம் என்று எதையுமே செய்ய முடியாது.

கொல்வதும் போகவிடுவதும்

உங்கள் இரண்டாவது கேள்வி, படித்தவர்களும் குழம்பும் கேள்வி. ஐசியூவில் சேர்க்காததும் கொல்வதும் ஒன்றல்ல. நோய் முற்றி உடல் மெல்ல அடங்கும் காலத்தில், வேதனையைத் தவிர எதையும் தராத சிகிச்சையை வேண்டாம் என்பது மரணத்தை வரவழைப்பதாகாது. அதைத் தடுக்க நம்மால் இயலாது என்று ஒத்துக்கொள்வதுதான். உங்கள் திருச்சபையே இதைத்தான் போதிக்கிறது. பலனுக்கு மிஞ்சிய சுமையாகிவிட்ட, அசாதாரணமான சிகிச்சைகளைத் தொடர வேண்டிய கடமை இல்லை என்று போப்பாண்டவர் 12ஆம் பத்திநாதர் 1957இலேயே மயக்க மருத்துவர்களிடம் பேசியிருக்கிறார். வலி மருந்து கொடுப்பதையும் திருச்சபை தடுக்கவில்லை. கொல்லும் நோக்கத்தோடு செய்வதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்பதில்லை.

மூக்குக் குழாயைப் பற்றி நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. மறதி நோய் மிகவும் முற்றியவர்களுக்குக் குழாய் வழி உணவு ஆயுளைக் கூட்டுவதாகவோ, நுரையீரலுக்குள் உணவு போவதைத் தடுப்பதாகவோ காட்டப்படவில்லை. பக்கவாதத்தில் நிலைமை ஆளுக்கு ஆள் மாறும். செவிலியரோடு வரும் மருத்துவர் அவர் விழுங்கும் விதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அதுவரை நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த சோற்றையோ கூழையோ சிறு கரண்டியில், விழுங்கியது தெரிந்தபின் அடுத்த வாய் என்று ஊட்டுங்கள். கையால் ஊட்டுவது மட்டமான சிகிச்சை என்று நினைக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறானது தலைக்கு ஊற்றுவது. “நோகாமல் போய்விடுவார்” என்று சொல்வதை நம்பாதீர்கள். உடல் குளிர்ந்து விறைத்து, நெஞ்சில் சளி கட்டி, மூச்சுக்குத் திணறி ஓரிரு நாள் தவித்துச் சாகும் சாவு அது.

சட்டம் சொல்வது

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் இதில் சட்டம் வெளிப்படையாக இருக்கிறது. இது கொலை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவின்படி மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. ஊற்றியவர் மட்டுமல்ல, சேர்ந்து திட்டமிட்டவர்களும் மாட்டுவார்கள். “வீட்டுச் சாவை யார் கேட்கப்போகிறார்கள்” என்பது இதுவரை பல வீடுகளில் நடந்திருக்கலாம். அது அனுமதி ஆகிவிடாது. கொலை செய்யப் போகிறார்கள் என்று தெரிந்தவர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே தடுக்க உரிமை இருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்குப் பதில், உரிமை மட்டுமல்ல, கடமையும் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2018இல் கண்ணியத்தோடு சாகும் உரிமையை ஏற்றுக்கொண்டதைக் கேள்விப்பட்டு, இதற்கும் அது பொருந்தும் என்று யாராவது சொல்லலாம். பொருந்தாது. அந்தத் தீர்ப்பு, பயனற்ற உயிர்காப்புச் சிகிச்சையை மருத்துவக் குழுக்களின் ஒப்புதலோடு நிறுத்துவதைப் பற்றியது. 2023இல் அதன் நடைமுறைகளைக் கொஞ்சம் எளிமையாக்கினார்கள். வீட்டில் உறவினர்கள் கூடி முடிவெடுப்பதற்கு அதில் இடமே இல்லை.

மருமகள்தானே என்ற தயக்கத்துக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்த மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக்கை, அவர் வேலை பார்த்த மருத்துவமனையின் செவிலியர்களே 2015இல் அவர் இறக்கும்வரை தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று வெளியிலிருந்து ஒருவர் மனு போட்டபோது, 2011இல் உச்ச நீதிமன்றம் அந்தச் செவிலியர்களின் பேச்சுக்குத்தான் மதிப்புக் கொடுத்தது. தினமும் குளிப்பாட்டி ஊட்டியவர்கள் அவர்கள். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் இருப்பவர் நீங்கள்.

பேச்சு பலிக்கவில்லையென்றால் முதியோர் உதவி எண் 14567ஐக் காலை 8 முதல் இரவு 8 வரை அழைக்கலாம். ஆபத்து நெருங்கிவிட்டதாகத் தெரிந்தால் நேரடியாக 112. போலீஸுக்குப் போனால் குடும்பம் உடைந்துவிடும் என்ற உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் செவிலியர், கணவர், பக்கத்து வீடு என்று முதலில் சொன்னேன். அவை பலிக்காதபோது தயங்காதீர்கள்.

ஞானஸ்நானமும் ஜெபமும்

அத்தைக்குத் தெரியாமல் ஞானஸ்நானம் கொடுக்காதீர்கள். அன்பினால்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் வயதுவந்த ஒருவர், சாகும் தறுவாயில் இருந்தாலும், தானே ஏதாவது ஒரு வகையில் விருப்பம் தெரிவித்திருக்க வேண்டும் என்பது உங்கள் திருச்சபைச் சட்டமே. சமய விஷயத்தில் யாரையும் வற்புறுத்தக் கூடாது, அது மனித மாண்புக்கு விரோதம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்திருக்கிறது. எதிர்க்க முடியாமல் படுத்திருப்பவரின் உடம்பை உறவினர்கள் தங்கள் முடிவுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நீங்கள் போராடுகிறீர்கள். அவருடைய நம்பிக்கைக்கும் அதே காவல் வேண்டும். காலையில் முகம் துடைத்தவுடன் நெற்றியில் திருநீறு பூசிவிடுங்கள். அவர் கும்பிட்ட அம்மன் படம் கண்ணில் படும்படி இருக்கட்டும். உங்கள் ஜெபமாலையை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அதை யாரும் தடுக்க முடியாது.

“இன்னைக்குக் கூட்டிட்டுப் போயிரும்” என்று ஜெபிப்பது கொலை இல்லை, சகோதரி. எட்டு மாதமாக ராத்திரி தூங்காத ஒருத்தி வேறெப்படி ஜெபிப்பாள்? முதியவரை மட்டும் காப்பாற்றிவிட்டு உங்களைச் சாகவிடும் நியாயத்தை எந்த மதமும் சொல்லவில்லை. இந்தக் கொடிய யோசனை ஒரு வீட்டுக்குள் நுழைவதே, சுமை முழுவதையும் ஒருத்தி தலையில் வைத்துவிட்டு மற்றவர்கள் முனகலை மட்டும் கேட்டுவிட்டுப் போவதால்தான். உங்கள் கணவர் வந்ததும் அழாமல் கணக்குப் பேசுங்கள். நின்றுபோன உங்கள் கூலி எவ்வளவு, டயபருக்கும் மருந்துக்கும் மாதம் எவ்வளவு, நாத்தனார் எத்தனை நாள் வந்து இருப்பார், கணவர் எந்த வாரங்களில் வருவார் என்று எழுதி வையுங்கள். கடுமையாக முடங்கியவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள்; மாவட்ட அலுவலகத்தில் அத்தையின் நிலையைச் சொன்னால் வழிமுறை சொல்வார்கள். பிள்ளைகள் செலவைப் பகிர மறுத்தால், 2007ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கவும் வழி இருக்கிறது.

நாத்தனாரைப் பகைவராகப் பார்க்க வேண்டாம். தாயின் முனகல் அவருக்கும் தாங்கவில்லை. வேறு வழி இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. செவிலியர் வரும் நாளில் அவரையும் வரச் சொல்லுங்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவதை அவரே பார்க்கட்டும், முடிந்தால் கற்றுக்கொள்ளட்டும். வலி குறைந்து அத்தை ஒரு ராத்திரி தூங்கிவிட்டால், அமாவாசைப் பேச்சு அவர் வாயிலிருந்தே குறைந்துவிடும் என்று நம்புகிறேன்.

இன்னும் ஒன்று. அந்தக் கடைசி நேரம் அதன் போக்கில் வரும்போது உறவினர்கள் பால் ஊற்ற வருவார்கள். மண்ணாசை தீரவேண்டுமென்று சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் விடவும் வருவார்கள். நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் அது மூச்சுக் குழாய்க்குள் போய்த் திணறவைக்கும். சடங்கை நிறுத்தச் சொல்லாதீர்கள். சுத்தமான துணி நுனியைப் பாலில் நனைத்து, ஒவ்வொருவரும் உதட்டில் மட்டும் தடவட்டும். மண்ணை நெற்றியிலோ உள்ளங்கையிலோ இடட்டும். இதைப் பெரிய மாமனாரிடம் இப்போதே சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள், அன்றைக்குக் கூட்டத்தில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.